வசிக்கும் இடம் உடலை என்ன செய்கிறது என்று நாமே ஆராய்ந்து சீர்செய்வது எப்படி

வீட்டை உடல்நலத்துக்கு உகந்ததாக மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் எதையாவது வாங்குவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். காற்றைச் சுத்திகரிக்கும் கருவி, நறுமணத் தெளிப்பான், மேசைமேல் இரண்டு தொட்டிச் செடிகள் என்று பட்டியல் நீள்கிறது. ஆனால் சுவரில் ஓதம் ஏறிக்கொண்டிருக்கும் அறையில் எந்தக் கருவியை வைத்தாலும் பயன் குறைவு. தீங்கு எங்கிருந்து வருகிறது என்று கண்டு, அதை அங்கேயே நிறுத்திவிட்டு, அதன் பிறகே நல்லவற்றைச் சேர்க்க வேண்டும். கீழே உள்ள வழிமுறை இந்த வரிசையிலேயே அமைந்துள்ளது. சொந்த வீட்டில் இருப்பவருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் பொருந்தும்படி, செலவில்லாதவற்றை இயன்றவரை முன்னால் வைத்திருக்கிறேன்.

முதலில் நேரக் கணக்கு

ஒரு தாளை எடுத்து, வழக்கமான ஒரு நாளின் 24 மணி நேரமும் எந்தெந்த இடத்தில் கழிகிறது என்று எழுதுங்கள். படுக்கையறை, சமையலறை, அலுவலக மேசை, பேருந்து, நடைபாதை என்று இடத்தின் பெயரையும் அதற்கு எதிரே மணிக்கணக்கையும் குறித்தால் போதும். அமெரிக்காவில் 1990-களில் நடந்த விரிவான கணக்கெடுப்பு ஒன்றில், மக்கள் தங்கள் நேரத்தில் ஏறக்குறைய 87 விழுக்காட்டைக் கட்டடங்களுக்குள்ளும் 6 விழுக்காட்டை வாகனங்களிலும் கழிப்பதாகத் தெரியவந்தது. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனாலும் எழுதிப் பார்த்த பலர், தாங்கள் வெளியில் இருக்கும் நேரம் இவ்வளவு குறைவா என்று திகைப்பார்கள்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், ஓர் இடம் உடலுக்குச் செய்யும் நன்மையும் தீமையும் அங்குள்ள பொருளின் அளவையும் நாம் அங்கே இருக்கும் நேரத்தையும் சேர்த்தே அமைகின்றன. விருந்தினர் வரும் கூடத்தை அழகுபடுத்துவதற்கு முன்னால், எட்டு மணி நேரம் மூச்சுவிடும் படுக்கையறையைக் கவனிக்க வேண்டியது இதனால்தான். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதுவது நல்லது. நாள் முழுவதும் வீட்டிலேயே இருக்கும் முதியவர், தரையோடு தவழும் குழந்தை, அடுப்பருகே நிற்பவர் ஆகியோரின் தாள்கள், காலையில் கிளம்பி இரவில் திரும்புபவரின் தாளைப் போல இருக்காது.

அதே தாளில் உடல் சொல்வதையும் குறித்துக்கொள்ளுங்கள்: எழும்போது தலைவலி, மூக்கடைப்பு, கண் எரிச்சல், நடு இரவில் விழிப்பு, பிற்பகலில் சோர்வு. வெளியூர் போனால் குறைந்து, வீடு திரும்பினால் கூடும் தொல்லை எதுவானாலும் அதற்கு ஒரு கோடிடுங்கள். அடுத்துத் தேட வேண்டிய இடத்தை அந்தக் கோடு பெரும்பாலும் காட்டிவிடும்.

காற்று

அறைக் காற்று பழையதாகிவிட்டதா என்பதை மூக்கு சொல்லாது. உள்ளேயே இருப்பவருக்கு வாடை பழகிவிடும். கார்பன் டை ஆக்சைடு அளக்கும் சிறு கருவி ஒன்றை இரவல் வாங்கியாவது ஓர் இரவு படுக்கையறையில் வைத்துப் பாருங்கள். திறந்த வெளியில் இதன் அளவு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு இருக்கும். கதவும் சன்னலும் மூடிய சிறிய அறையில் இருவர் தூங்கினால் விடிவதற்குள் அது 2000-ஐத் தாண்டுவது வியப்பில்லை. அந்த அளவு நஞ்சு அல்ல. ஆனால் பிறர் வெளிவிட்ட மூச்சையே நாம் மறுபடி இழுக்கிறோம் என்பதற்கு அது சான்று. சளிக் கிருமிகளும் அதே வழியில் பரவக்கூடும். 1000-க்குள் வைத்திருப்பது நடைமுறைக்கு ஏற்ற இலக்கு. உள்கதவைச் சற்றே திறந்து வைத்து, எதிரெதிர்த் திசையில் இரண்டு திறப்புகளுக்கு வழி செய்தாலே அளவு எப்படி இறங்குகிறது என்று கருவியிலேயே பார்க்கலாம்.

கருவி இல்லாவிட்டால் மெல்லிய காகிதத் துண்டு போதும். கழிவறையிலும் சமையலறையிலும் உள்ள எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, அதன் உறிஞ்சும் பக்கத்தில் காகிதத்தைப் பிடியுங்கள். காகிதம் ஒட்டிக்கொண்டு நின்றால் விசிறி வேலை செய்கிறது. தொங்கினால், சத்தத்தைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை என்று பொருள். பல சமயங்களில் காரணம் இறக்கைகளில் படிந்த எண்ணெய்ப் பிசுக்குதான். சில சமயம், விசிறி இழுப்பதற்குரிய காற்று உள்ளே வர வழியின்றிக் கதவு இறுக மூடியிருக்கும்.

சமையலுக்கு இங்கே தனி இடம் தர வேண்டும். எரிவாயுச் சுடர் நைட்ரஜன் டை ஆக்சைடை உண்டாக்குகிறது. மிகுந்த சூட்டில் வறுப்பதும் பொரிப்பதும் நுண்துகளைக் கிளப்புகின்றன. அடுப்புக்கு மேலே உள்ள சிம்னி புகையை வீட்டுக்கு வெளியே தள்ளுகிறதா, அல்லது வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடுகிறதா என்று பாருங்கள். இரண்டாம் வகை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், ஈரத்தை வெளியேற்றாது. அடுப்பில் சுவர்ப்பக்கம் உள்ள பர்னரில் சமைத்தால் புகை சிம்னிக்குள் எளிதாகப் போகும். சமையல் முடிந்த பிறகும் பத்து நிமிடம் அதை ஓடவிடுவது நல்லது. எரிபொருளில் இயங்கும் வெந்நீர்க் கருவி மூடிய குளியலறைக்குள் இருந்தால் அது வேறு வகை ஆபத்து. அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. மயக்கம் வரும்வரை அது தெரியாமலே போகலாம். அதை வெளிச்சுவருக்கு மாற்றும்வரை பயன்படுத்தாதிருங்கள். எரிபொருள் எரியும் வீட்டில் எச்சரிக்கைக் கருவி ஒன்றும் வேண்டும்.

வெளிக்காற்றே மோசமாக இருந்தால் என்ன செய்வது? பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டரில் 5 மைக்ரோகிராமுக்கும், ஒரு நாள் சராசரி 15 மைக்ரோகிராமுக்கும் மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வழிகாட்டியது. பெருநகரங்களில் பெரும்பாலானவை இதைத் தாண்டியே இருக்கின்றன. அதற்காகச் சன்னலை நிரந்தரமாக மூடிவிடுவது தீர்வாகாது. போக்குவரத்து நெரிசலான நேரத்தில் சாலைப்பக்கச் சன்னலை மூடி, நெரிசல் ஓய்ந்த நேரத்தில் பின்பக்கத்தைத் திறப்பது நடுவழி. சுத்திகரிப்புக் கருவி வாங்குவதானால், அறையின் பரப்புக்கு ஏற்ற, ஹெப்பா எனப்படும் நுண்துகள் வடிகட்டி உள்ள கருவியை வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள். ஓசோனை வெளிவிடும் வகைகளை ஒதுக்குங்கள். ஓசோன் மூச்சுக்குழலை எரிச்சலூட்டும் வாயு.

தொட்டிச் செடிகள் காற்றைத் தூய்மையாக்கும் என்ற நம்பிக்கை, நாசா 1989-இல் வெளியிட்ட ஆய்வொன்றிலிருந்து கிளைத்தது. அது காற்றுப் புகாத சிறு பெட்டிகளுக்குள் நடந்த சோதனை. இத்தகைய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டது. அப்படி வைத்தால் ஆள் நிற்க இடமிருக்காது. செடி கண்ணுக்கும் மனதுக்கும் நல்லது. அந்தக் காரணத்துக்காக வளர்ப்பவர்கள் தாராளமாக வளர்க்கட்டும்.

ஓதமும் வடிகாலும்

ஈரம் கசியும் வீடுகளுக்கும் ஆஸ்துமா, இருமல், மூச்சுத்தொற்று ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பை உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் உறுதிப்படுத்தியது. கரும்புள்ளியாகப் பூஞ்சணம் தெரிந்ததும் அதன்மேல் வண்ணம் பூசுவதுதான் பலர் செய்யும் முதல் வேலை. அடுத்த மழைக்குள் அது வண்ணத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஈரத்தின் ஊற்றுக்கண்ணை அடைக்காமல் மேற்பரப்பில் எதைச் செய்தாலும் அது வீண் செலவு.

ஈரம் மூன்று வழிகளில் வருகிறது: மழைநீர்க் கசிவும் குழாய்க் கசிவும் ஒரு வழி, நிலத்திலிருந்து சுவர் வழியே ஏறுவது இன்னொரு வழி, அறைக்குள் நாமே உண்டாக்கும் நீராவி குளிர்ந்த சுவரில் படிவது மூன்றாவது வழி. இது எந்த வகை என்று கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஐயம் உள்ள இடத்தைத் துணியால் துடைத்து உலரவிடுங்கள். ஏறத்தாழ ஓர் அடிச் சதுரமுள்ள அலுமினியத் தாளை அங்கே வைத்து, நான்கு ஓரங்களையும் இடைவெளியின்றி ஒட்டுப்பட்டையால் ஒட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் அறைக் காற்றிலிருந்து வருகிறது. காற்றோட்டத்தைக் கூட்டி, துணியை உள்ளே உலர்த்துவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 60 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். பிரித்தெடுத்த தாளின் உள்பக்கமும் அதன் கீழுள்ள சுவரும் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கொத்தனாரையோ குழாய்ப் பணியாளரையோ அழைக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் இந்தத் தாளைப் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வீட்டுக்காரரிடம் பேசும்போது, சன்னலைத் திறக்காததுதான் காரணம் என்ற வாதத்துக்கு அது பதில் சொல்லும்.

ஒரு சதுர மீட்டருக்கு உட்பட்ட பூஞ்சணத்தை முகக்கவசமும் கையுறையும் அணிந்து சோப்புத் தண்ணீரால் தேய்த்து, நன்கு உலர்த்தி நாமே நீக்கலாம். அதற்கு மேல் பரவியிருந்தால் பழகியவரிடம் விடுவது மேல். ஆஸ்துமா உள்ளவர் அந்த வேலையில் இறங்கவே கூடாது. பிளீச்சுடன் கழிவறை அமிலத்தையோ அமோனியா கலந்த திரவத்தையோ சேர்த்துவிடாதீர்கள், நச்சுவாயு கிளம்பும்.

குளியலறைத் தரையில் உள்ள வடிகாலையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அதன் அடியில் வளைந்த குழாயில் எப்போதும் தேங்கி நிற்கும் சிறிதளவு தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. பயன்படுத்தாத குளியலறையில் அது வற்றிப்போகும். 2003-இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோரைச் சார்ஸ் நோய் தாக்கியபோது, வற்றிக் கிடந்த இந்த வளைவுகளும் அவற்றின் வழியே காற்றை இழுத்த எக்ஸாஸ்ட் ஃபேன்களும் பரவலுக்கு வழிவிட்டதாக விசாரணையில் தெரியவந்தது. வாரம் ஒரு முறை ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் வேலை முடிந்தது.

வெளிச்சமும் தூக்கமும்

கண் பார்ப்பதற்கு மட்டும் உரியதல்ல. உடலுக்கு நேரம் சொல்வதும் அதன் வேலை. பார்வைக்கு உதவும் செல்களோடு, நீல நிறம் சார்ந்த ஒளியை உணர்ந்து மூளையின் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும் தனிவகைச் செல்களும் விழித்திரையில் உண்டு என்பதை டேவிட் பெர்சனும் அவருடைய குழுவினரும் 2002-இல் நிறுவினார்கள். இந்தக் கடிகாரத்துக்குப் பகல் பளிச்சென்றும் இரவு இருட்டாகவும் இருந்தாக வேண்டும். இன்றைய வீடுகளில் இரண்டும் மங்கி ஒன்றுபோல ஆகிவிட்டன. மேகமூட்டமான நாளில்கூட வெளியே 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு வெளிச்சம் இருக்கும். விளக்கெரியும் அறைக்குள் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம்.

ஆகவே காலையில் எழுந்ததும் சற்று நேரம் திறந்த வெளியில் இருங்கள். வேலை செய்யும் மேசையைச் சன்னலை ஒட்டிப் பக்கவாட்டில் போடுங்கள். நேரெதிராகப் போட்டால் கண் கூசும், முதுகுப்புறம் விட்டால் திரையில் வெளிச்சம் தெறிக்கும். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்தே கூரை விளக்குகளை அணைத்துவிட்டு, தாழ்வான மஞ்சள் விளக்குக்கு மாறுங்கள். படுக்கையறை இருட்டாக இருக்கிறதா என்று சோதிக்க, விளக்கணைத்துப் பத்து நிமிடம் கழித்துக் கையை நீட்டிப் பாருங்கள். விரல்களை எண்ண முடிந்தால் வெளிச்சம் எங்கிருந்தோ வருகிறது: தெருவிளக்காக இருக்கலாம், சுவரில் மாட்டிய கருவியின் பச்சைப் புள்ளியாகவும் இருக்கலாம்.

பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் ஒரு பகுதிப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருக்கச் செய்து மூன்றாண்டு கவனித்தார்கள். அவர்களில் 30.4 விழுக்காட்டினருக்கும், மற்றப் பிள்ளைகளில் 39.5 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை வந்திருந்தது. 2015-இல் இம்முடிவு வெளியானது.

ஓசை

சாலை இரைச்சல் பழகிவிட்டது என்று சொல்பவருக்குப் பழகியது மனம்தான். தூக்கத்திலும் காது கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு ஹாரன் ஒலிக்கும் நாடி ஏறி, மன அழுத்த ஹார்மோன்கள் சுரக்கின்றன. இது ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் இதயநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. வீட்டு முகப்பில் அளக்கும்போது சாலைப் போக்குவரத்தின் இரவு ஓசை சராசரியாக 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018-இல் பரிந்துரைத்தது. கைபேசிச் செயலி துல்லியமாக அளக்காவிட்டாலும், எந்த அறை அமைதியானது என்று ஒப்பிட அது போதும்.

அமைதியான அறைக்குப் படுக்கையை மாற்றுவதே முதல் வைத்தியம். அது முடியாவிட்டால் இடுக்குகளை அடையுங்கள். காற்று நுழையும் இடுக்கெல்லாம் ஓசையும் நுழையும் என்பதால், கதவின் அடியிலும் சன்னல் சட்டத்தைச் சுற்றியும் ரப்பர் பட்டை ஒட்டுவது திரைச்சீலையைவிடப் பயன் தரும். கனமான திரை அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும். வெளியிலிருந்து வருவதை அவ்வளவாகத் தடுக்காது. சாலைப் பக்கத்தை இப்படி அடைத்தால், காற்றுக்கு மறுபக்கத்தில் திறப்பு இருந்தாக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

வெப்பம்

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே தடுக்க வேண்டும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெப்பத்தை உள்திரை முழுவதும் திருப்பி அனுப்பாது. வெளிப்புறத் தட்டி, சாய்ப்பு, மர நிழல் ஆகியவைதான் உண்மையான காப்பு. பிற்பகல் வெயில் படும் மேற்குச் சுவருக்கு முதலிடம் கொடுங்கள். மாடிக் கூரையில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்பூச்சு பூசலாம். வெளியே உள்ளேயைவிடச் சூடாக இருக்கும்வரை சன்னல்களை மூடிவைத்து, இரவில் திறந்து சுவர்களைக் குளிரவிடுங்கள். குளிர்நாடுகளில் பிரச்சினை தலைகீழ்: குளிர்காலத்தில் அறை வெப்பம் 18 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் இருப்பது பாதுகாப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

வெப்ப அலையில் கட்டடம் மட்டுமே ஆளைக் கொல்வதில்லை. 1995 ஜூலையில் சிகாகோவில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அவர்களில் பலர் தனியே வசித்த முதியவர்கள். கடும் வெயில் நாட்களில் பக்கத்து வீட்டுப் பெரியவரைக் காலையும் மாலையும் போய்ப் பார்ப்பதையும் இந்த வழிமுறையின் ஒரு பகுதியாகவே எழுதுகிறேன்.

வாசலுக்கு வெளியே

ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வு, சூழலுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பேசும்போது பலரும் எடுத்துக்காட்டுவது. பென்சில்வேனியாவின் மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை முடிந்தவர்களில், சன்னல் வழியே மரங்களைப் பார்த்த 23 பேரையும், செங்கல் சுவரைப் பார்த்த 23 பேரையும் அவர் ஒப்பிட்டார். மரங்களைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். வீரியமான வலிமருந்து அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. இது சிறிய ஆய்வு என்பதை நினைவில் வைக்க வேண்டும். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் திரட்டிய தகவல்களைக் கொண்ட 2019-ஆம் ஆண்டு ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருப்பவர்கள் உடல்நலத்தையும் மனநிறைவையும் பற்றி நல்லவிதமாகச் சொன்னார்கள். நலமாக இருப்பவர்கள்தாம் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற கேள்வி அதில் எஞ்சியிருக்கிறது. ஆனாலும் பூங்காவில் இரண்டு மணி நேரம் இருப்பதால் இழப்பு ஒன்றுமில்லை.

உங்கள் சுற்றுப்புறத்தை மதிப்பிட, நகர்ப்புறக் காடுகள் குறித்து ஆராயும் செசில் கொனைனென்டைக் முன்வைத்த 3-30-300 விதி கைகொடுக்கும்: வீட்டிலிருந்து மூன்று மரங்களாவது தெரிய வேண்டும், பகுதியின் பரப்பில் 30 விழுக்காட்டுக்கு மர நிழல் இருக்க வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா வேண்டும். முதலாவதையும் மூன்றாவதையும் அரை மணி நேரத்தில் நீங்களே சரிபார்த்துவிடலாம்.

பிறகு, வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடைத் தொலைவுக்கு ஒரு கைவரைபடம் போடுங்கள். ஜெரி மாரிசும் அவருடைய குழுவினரும் 1953-இல் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. அவர்கள் யாரும் உடற்பயிற்சிக்கென்று படி ஏறவில்லை; வேலையிடம் அவர்களை ஏறவைத்தது. நடப்பதற்கு மனவுறுதி இல்லை என்று ஒருவரைக் குறைசொல்லும் முன், அவர் வீட்டு வாசலிலிருந்து நடைபாதை எங்கே முடிகிறது என்று பார்ப்பதுதான் நியாயம். வரைபடத்தில் நடைபாதை அறுந்துபோகும் இடம், நிழலற்ற நீளம், முதியவர் உட்கார ஓர் இருக்கையும் இல்லாத தொலைவு, சாலையைக் கடக்க முடியாத சந்திப்பு, இரவில் இருண்டு கிடக்கும் மூலை ஆகியவற்றைக் குறியுங்கள்.

சோதித்துப் பார்ப்பதும் மேலே கொண்டுசெல்வதும்

ஒரு சமயத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, இரண்டு வாரம் அதே தாளில் அதே குறிப்புகளைத் தொடர்ந்து எழுதுங்கள். படுக்கையை மாற்றியதும் விளக்கை மாற்றியதும் சன்னலைத் திறந்ததும் ஒரே வாரத்தில் நடந்தால், தூக்கம் தேறியது எதனால் என்று பிறகு தெரியாது. மூச்சிரைப்போ நீங்காத இருமலோ இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். தாளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில் தொல்லை கூடுகிறது என்ற விவரம் கையில் இருந்தால் அவர் கேட்க வேண்டிய கேள்விகள் பாதியாகக் குறையும்.

வீட்டுக்கு வெளியே உள்ளவற்றை ஒருவராக மாற்ற இயலாது. கைவரைபடத்தில் குறித்த இடங்களை அண்டை வீட்டார் சிலரோடு சேர்ந்து மறுபடி நடந்து பார்த்து, ஒவ்வோர் இடத்தையும் படமெடுங்கள். உள்ளாட்சி அமைப்புக்குக் கொடுக்கும் மனுவில் எங்கள் பகுதியில் நடக்கவே முடியவில்லை என்று பொதுவாக எழுதாமல், எந்தத் தெருவில் எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்தக் கதவு எண் வரை நடைபாதை இல்லை, எத்தனை மீட்டருக்கு மரமில்லை, எந்தச் சந்திப்பில் பள்ளி விடும் நேரத்தில் கடப்பதற்கு எத்தனை நிமிடம் காத்திருக்க நேர்கிறது என்று எழுதுங்கள். ஒரு மனுவில் ஓர் இடத்தைப் பற்றி மட்டும் எழுதி, பலர் கையொப்பமிட்டு, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.